மூன்று நாளில் எழுத்துப் பழகிய பையன்: திரைக்கதை எழுதும் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய திரைக்கதைச் சுருக்கத்தை ஞாயிறு இரவு ஒரே மூச்சில் படித்தேன். மறுநாள் காலை ரயிலில் பென்சிலும் கையுமாக மறுபடி படித்தேன். மெல்பர்னில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் என் முன்னால் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளை, இன்றைக்கு இந்த நாட்டின் வரலாற்றை எடுத்துப் படமாக்கப் போகிறான் என்று நினைக்கும்போது நெஞ்சு நிறைந்து போகிறது. அந்த நிறைவோடுதான் இதை எழுதுகிறேன். ஒரு மனக்குறையும் இருக்கிறது. உன்னிடம் கேட்டுக்கொண்டுதான் இதைப் பொதுவில் வைக்கிறேன். ஆஸ்திரேலியப் பூர்வகுடிப் பிள்ளைகளைப் பற்றி எழுத நினைக்கும் நம் பிள்ளைகள் வேறு யாராவது இருந்தால், அவர்களும் படிக்கட்டும்.

உன் கதை மலோகாவில் தொடங்குகிறது. முர்ரே ஆற்றின் நியூ சவுத் வேல்ஸ் கரை, 1874. டேனியல் மேத்யூஸ், ஜேனட் என்ற தம்பதி அங்கே பள்ளி தொடங்குகிறார்கள். படகுகள் வந்து போகும் எச்சுகா ஊரில் சகோதரரோடு வியாபாரம் செய்துகொண்டிருந்தவர் டேனியல். ஜேனட் ஒரு பாதிரியாரின் மகள். கல்யாணமாகி இரண்டே வருடம். நிலத்தைப் பறிகொடுத்து, நோயாலும் சாராயத்தாலும் சிதறிக் கிடந்த அந்த ஆற்றங்கரைப் பூர்வகுடிகளான யோர்டா யோர்டா மக்களைத் தேடி டேனியல் ஆற்றோரமாக முகாம் முகாமாகப் போகிறார். பிள்ளைகளைக் கூட்டிவருகிறார். ஜேனட் அவர்களுக்குச் சமைக்கிறார், துணி தைக்கிறார், பாடம் சொல்கிறார். கணவர் நன்கொடை திரட்ட ஊர் ஊராகப் போகும்போதெல்லாம் பள்ளியின் முழுப் பாரமும் அந்த அம்மாள் தலையில்தான். இதையெல்லாம் நீ நன்றாக எழுதியிருக்கிறாய். சுற்றியிருந்த பண்ணை முதலாளிகளின் பகையை அவர்கள் தாங்கிய விதத்தை எழுதிய இடத்தில் எனக்கே கண் கலங்கியது.

ஆனால் உன் 60 காட்சிகளில் ஒரு பிள்ளைக்காவது பெயர் இருக்கிறதா என்று பென்சிலால் தேடினேன். “சிறுவன் 1”, “சிறுமி”, “பிள்ளைகள் ஓடிவருகிறார்கள்”. அவ்வளவுதான். என் மனக்குறை அதுதான், தம்பி.

அந்த வருடம் ஆகஸ்ட் மாதம் தாயோடும் சகோதரனோடும் உறவுக்காரர்களோடும் மலோகாவுக்கு வந்து சேர்ந்த ஒரு பையன் இருக்கிறான். வயது பதின்மூன்றை ஒட்டி இருக்கும். பில்லி கூப்பர் என்று கூப்பிட்டார்கள். டேனியல் தன் நாட்குறிப்பில் அவனைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். ஆங்கில எழுத்துகளைப் பெரியதும் சின்னதுமாக மூன்றே நாளில் அவன் பிடித்துக்கொண்டானாம். பெரியது 26, சின்னது 26. மூன்று நாள்!

இதை வேறு யாராவது படித்தால் “கெட்டிக்காரப் பையன்” என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். பல வருடமாகச் சனிக்கிழமை தோறும் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுக்கிறவள் என்பதால் என்னால் அப்படிப் போக முடியவில்லை. வீட்டில் பேசாத மொழியின் எழுத்து ஒரு பிள்ளையின் கைக்குள் எப்படி வருகிறது என்று எனக்குத் தெரியும். முதலில் பென்சிலை நெரிக்கும். விரல் நுனி வெளுத்துப்போகும். நாக்கு உதட்டோரம் வந்து நிற்கும். பார்த்து எழுதும்போது சரியாக வரும், பலகையைத் துடைத்துவிட்டால் மறந்துபோகும். நீயே ‘ண’வுக்கு எத்தனை சுழி என்று ஒரு பருவம் முழுக்கக் கேட்டவன். அந்தப் பையனோ, வாழ்நாளில் அதுவரை எழுத்துப் பக்கமே விடப்படாதவன், யாரோ பூட்டி வைத்த அறையின் சாவி தற்செயலாகக் கையில் கிடைத்தது போல மூன்று நாளில் அத்தனையையும் திறந்துவிட்டான். அந்தச் சாவியால் அவன் பிறகு எதையெல்லாம் திறந்து பார்த்தான் என்பதுதான் கதை. உன் படத்தில் அந்த மூன்று நாளுக்கு இடமே இல்லை.

எழுத்தறிவித்தவன் இறைவன் என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். அதனால் பள்ளிக்கூடக் கதை என்றாலே நம் கண் தானாகப் பலகைக்குப் பக்கத்தில் நிற்பவர் மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது. உன் கதையிலும் அப்படித்தான் ஆகியிருக்கிறது. அந்தத் தம்பதியைச் சிறுமைப்படுத்தச் சொல்லவில்லை. அவர்கள் செய்தது பெரிது. ஆனால் அவர்களிடம் குறையும் இருந்தது. அந்த மக்களின் சடங்குகளையும் பழைய வாழ்க்கையையும் விட்டுவிடச் சொன்னார்கள். ஜெபம், ஒழுங்கு, கட்டுப்பாடு என்று நாள் முழுக்கக் கயிறு இறுகியது. கடைசியில் என்ன நடந்தது? 1888இல் பெரும்பாலான மக்கள் மலோகாவைவிட்டுக் கிளம்பி, ஆற்றோரமாகச் சில மைல் தள்ளியிருந்த கம்மராகுஞ்சாவுக்குக் குடிபோனார்கள். ஊரின் கட்டடங்களும் அவர்களோடு போயின. உன் சுருக்கத்தில் இந்த வருடம் “பிரிவு” என்ற ஒற்றைத் தலைப்போடு நிற்கிறது. தான் கட்டிய ஊர் தன்னைவிட்டு எழுந்து போவதை வாசலில் நின்று ஜேனட் பார்க்கும் காட்சியை நீ எழுதத்தான் வேண்டும். அன்பு காட்டியவர்களை விட்டு ஒரு ஊரே விலகிப் போகிறது என்றால், போனவர்களுக்கு ஒரு காரணம் இருந்திருக்கும். அதை அவர்கள் வாயாலேயே சொல்ல விடு.

அந்தக் காரணத்தின் ஒரு நுனி 1881ஆம் ஆண்டு மனுவில் இருக்கிறது. மலோகாவின் 42 ஆண்கள் ஆளுநருக்கு எழுதினார்கள். பயிர் செய்யவும் ஆடு மாடு வளர்க்கவும் நிலம் கேட்டார்கள். எங்கள் குடும்பத்தை நாங்களே காப்பாற்றிக்கொள்கிறோம், பிச்சைச் சோறு வேண்டாம் என்பதுதான் அந்த மனுவின் சாரம். பள்ளி தொடங்கி ஏழே வருடம். படித்த எழுத்து அதற்குள் கோரிக்கையாக மாறிவிட்டது. டேனியல் அந்த மனுவுக்குத் துணை நின்றார். அவருக்குச் சேர வேண்டிய பெருமையை அவருக்குக் கொடு. கையெழுத்தோ அவர்களுடையது.

இனி இரண்டாவது தம்பதிக்கு வருகிறேன். இவர்களை நீ இரண்டு காட்சியில் முடித்துவிட்டாய்.

தாமஸ் ஷாட்ராக் ஜேம்ஸ் 1859இல் மொரீசியஸில் பிறந்தவர். பெற்றோர் இந்திய வம்சாவளியினர். 1881இல் மெல்பர்னின் பிரைட்டன் கடற்கரையில் நடந்த ஒரு பிரசங்கக் கூட்டத்தில் டேனியலைச் சந்தித்தார். அந்தச் சந்திப்பு அவரை மலோகாவுக்குக் கொண்டுபோனது. சம்பளமில்லாமல் பாடம் சொல்லத் தொடங்கியவரை அரசு 1883இல் ஆசிரியராக நியமித்தது. 1885இல் அவர் மணந்துகொண்ட ஏடா, யோர்டா யோர்டா பெண். பில்லி கூப்பரின் சகோதரி. மக்கள் மலோகாவைவிட்டுப் போனபோது இவரும் அவர்களோடு கம்மராகுஞ்சாவுக்குப் போனார். 1922வரை அங்கே பாடம் சொன்னார். மூலிகை வைத்தியம் பார்த்தார். பகலில் பிள்ளைகள், இரவில் பெரியவர்கள் என்று இரண்டு வகுப்பு நடத்தினார். நாள் முழுக்க மரம் வெட்டியும் கம்பளி கத்தரித்தும் உடம்பு தளர்ந்த ஆண்கள் விளக்கடியில் உட்கார்ந்து படித்தார்கள்.

மொரீசியஸ், இந்திய ரத்தம் என்றதும் நம் ஊர்க் கூட்டங்களில் “நம்மவர்” என்று மார்தட்டத் தொடங்கிவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். படத்தை அதற்குத் தீனி ஆக்கிவிடாதே. அவர் எங்கிருந்து வந்தார் என்பதைவிட, யாரோடு சேர்ந்துகொண்டார் என்பதைக் காட்டு. அவர் அந்த மக்களில் பெண் எடுத்தார், அவர்கள் நடுவிலேயே பிள்ளை பெற்று வளர்த்தார். அவருடைய பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரர்களும் யோர்டா யோர்டா மக்கள். உதவி செய்யப் போனவருக்கும் குடும்பமாகிவிட்டவருக்கும் உள்ள வித்தியாசம் உன் கேமராவுக்குத் தெரிந்தாக வேண்டும். ஏடாவுக்கு நீ ஒரு வசனம்கூடக் கொடுக்கவில்லை. அந்த வீட்டில் இரண்டு மொழி, இரண்டு வழிவந்த நினைவு, ஒரு அடுப்பு. எழுதிப் பார், அவள் பேசுவாள்.

ஒரு பாட்டையும் சொல்ல வேண்டும். 1886இல் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிஸ்க் ஜூபிலி பாடகர்கள் மலோகாவுக்குப் போனார்கள். அடிமைத் தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களின் பாடல்களைப் பாடிய குழு அது. பார்வோனின் படை கடலில் மூழ்கிய கதையைச் சொல்லும் அவர்களுடைய பாட்டு ஒன்று யோர்டா யோர்டா மொழிக்கு மாறி, இன்றைக்கும் அந்த மக்களின் வாயில் இருக்கிறது. அமெரிக்கப் பருத்திக் காட்டில் பிறந்த ஏக்கம் முர்ரே கரையில் வந்து ஒட்டிக்கொண்டது எதனால் என்று யோசித்துப் பார். உன் படத்துக்கு மேற்கத்திய வயலின் வேண்டாம். அந்தப் பாட்டைப் பாட அனுமதி கேள், கிடைத்தால் அதுவே போதும்.

“பாதுகாப்பு” என்ற சொல்லை உன் சுருக்கத்தில் பதினோரு இடத்தில் வட்டமிட்டு வைத்திருக்கிறேன். பிள்ளைகளைப் பாதுகாத்தார்கள், பாதுகாப்பான இடம், பாதுகாவலர். தம்பி, அந்த மண்ணில் அந்தச் சொல்லுக்கு வேறு வாடை உண்டு. நியூ சவுத் வேல்ஸ் அரசு 1883இல் அமைத்த வாரியத்துக்குப் பெயரே பூர்வகுடிகள் பாதுகாப்பு வாரியம். கம்மராகுஞ்சாவில் சில குடும்பங்கள் காட்டை வெட்டித் திருத்தி உழுத நிலத்தைத் திரும்பப் பறித்துக்கொண்டது அந்த வாரியம்தான். 1909இல் வந்த சட்டத்தின் பெயரும் பாதுகாப்புச் சட்டம். 1915இல் அதைத் திருத்தினார்கள். அதன் பிறகு ஒரு பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிக்க, அந்தத் தாய் பிள்ளையைக் கவனிக்கவில்லை என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. எல்லாம் பிள்ளைகளின் நன்மைக்காக என்று சொல்லித்தான் செய்தார்கள்.

டக் நிக்கல்ஸ் என்ற சிறுவனுக்கு அப்போது எட்டு வயது. கம்மராகுஞ்சாவில் பிறந்தவன். பதினாறு வயது அக்கா ஹில்டாவைப் போலீஸ்காரர்கள் கண்ணெதிரே இழுத்துக்கொண்டு போனதைப் பார்த்தான். கூட்டமண்ட்ராவில் பூர்வகுடிப் பெண் பிள்ளைகளுக்கு வீட்டுவேலை பழக்கும் விடுதி ஒன்று இருந்தது. அங்கே கொண்டுபோனார்கள். மார்கரெட் டக்கர் என்ற பெண்ணைப் பதின்மூன்று வயதில், 1917இல், தங்கையோடு அதே விடுதிக்கு அனுப்பினார்கள். அவரைப் பிடித்துக்கொண்டு போனது பள்ளிக்கூடத்திலிருந்து. எழுத்துப் படிக்கப் போன இடத்துக்கே போலீஸ் வந்தது. பள்ளியைக் கோயிலாகக் காட்டும் உன் காட்சிகளுக்குப் பக்கத்தில் இந்த ஒரு காட்சியை வைத்துப் பார், மற்ற எல்லாமே வேறு நிறத்தில் தெரியும்.

அதே 1917இல் இன்னொன்றும் நடந்தது. பில்லி கூப்பர் அதற்குள் வில்லியம் கூப்பர் ஆகி, பிள்ளை குட்டிகளோடு இருந்தார். அவர் மகன்களில் ஒருவன் பெயர் டேனியல். ஆஸ்திரேலியப் படையில் சேர்ந்து பெல்ஜியப் போர்க்களத்தில் செத்துப்போனான். ஒரு பக்கம் அரசு இவர்களுடைய பிள்ளைகளைப் போருக்கு வாங்கிக்கொண்டது, இன்னொரு பக்கம் பள்ளியிலிருந்தே தூக்கிக்கொண்டு போனது. இரண்டும் ஒரே வருடத்தில். இதற்கு வசனமே தேவைப்படாது.

அந்த வில்லியம் கூப்பரிடம்தான் உன் படம் போய்ச்சேர வேண்டும் என்று நினைக்கிறேன். எழுபதைக் கடந்த வயதில், முதியோர் உதவித்தொகை கிடைக்க வேண்டுமானால் அரசுக் குடியிருப்பில் இருக்கக் கூடாது என்பதால், 1933இல் மெல்பர்னின் ஃபுட்ஸ்கிரே பகுதிக்கு வந்து குடியேறினார். ஓய்வெடுக்கிற வயதில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். அமைச்சர்களுக்கு, பத்திரிகைகளுக்கு, பிரிட்டிஷ் மாமன்னருக்கு. இன்னும் சிலரைச் சேர்த்துக்கொண்டு ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள் கழகத்தை உருவாக்கினார். மன்னருக்கு ஒரு மனு எழுதி நாடெங்கும் அனுப்பி 1,814 கையெழுத்து வாங்கினார். எங்கள் இனம் அழியாமல் காப்பாற்றுங்கள், எங்கள் நிலைமையைச் சீராக்குங்கள், நாடாளுமன்றத்தில் எங்களுக்காகப் பேச ஒருவர் வேண்டும் என்பவைதான் கோரிக்கைகள். 1937இல் அரசிடம் கொடுத்தார். மறு வருடம் அமைச்சரவை அதை மன்னருக்கு அனுப்புவதில்லை என்று முடிவு செய்துவிட்டது.

அதே 1938இல், ஜனவரி 26 அன்று, வெள்ளையர் வந்திறங்கிய 150ஆவது ஆண்டை நாடே கொண்டாடியபோது, பூர்வகுடித் தலைவர்கள் சிட்னியில் ஒரு மண்டபத்தில் கூடி அதைத் துக்க நாளாக அனுசரித்தார்கள். கூப்பரும் டக் நிக்கல்ஸும் அங்கே இருந்தார்கள். டிசம்பர் 6 அன்று கூப்பர் இன்னொரு காரியம் செய்தார். ஜெர்மனியில் யூதர்களின் வீடுகளையும் கோயில்களையும் கடைகளையும் நாஜிகள் நொறுக்கிய செய்தி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கழகத்தாரோடு கண்டனக் கடிதத்தை எடுத்துக்கொண்டு மெல்பர்னில் இருந்த ஜெர்மன் துணைத் தூதரகத்துக்குப் போனார். உள்ளே விடவில்லை, கடிதத்தை வாங்கவும் இல்லை. சொந்த நாட்டில் குடிமகன் என்ற மரியாதைகூட இல்லாத ஒரு முதியவர், பார்த்தே இராத மக்களுக்காகக் காகிதமும் கையுமாக அடைத்த கதவுக்கு வெளியே நிற்கிறார். மூன்று நாளில் எழுத்துப் பழகிய அந்தப் பையனின் கை இப்போது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். நரம்பு புடைத்து, தோல் சுருங்கி, விரல் நுனியில் மைக்கறையோடு. இந்தக் கையை நீ முதல் காட்சியில் சிறுவனின் கையாகக் காட்டியிருந்தால், இங்கே அதை அருகில் காட்டுவது ஒன்றே போதும்.

1939 பிப்ரவரி 4 அன்று கம்மராகுஞ்சா மக்கள் குடியிருப்பு மேலாளரின் கொடுமை தாங்காமல் ஆற்றைக் கடந்து விக்டோரியா பக்கம் போய்விட்டார்கள். பார்மா கரையில் மாதக்கணக்கில் முகாம் போட்டுக் கிடந்தார்கள். 51 வருடம் முன்பு மலோகாவை விட்டு நடந்த அதே மக்கள், அல்லது அவர்களுடைய பிள்ளைகள். கூப்பர் 1941இல் இறந்தார். அவருடைய மனு அரண்மனைக்குப் போய்ச் சேர 2014 ஆயிற்று. அரசியின் கையில் அது கிடைத்தபோது அதில் கையெழுத்திட்டவர்கள் எவ்வளவு பேர் மிஞ்சியிருப்பார்கள்?

மூன்றாவதாக ஒரு தம்பதி இருக்கிறார்கள். அக்காவைப் பிடித்துக்கொண்டு போனதைப் பார்த்த அந்த எட்டு வயதுச் சிறுவன் பிறகு கால்பந்து வீரனாகி, பாதிரியாராகி, 1976இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் ஆளுநரே ஆனார். மனைவி கிளாடிஸும் கம்மராகுஞ்சாவில் பிறந்தவர். வேலைக்கும் படிப்புக்கும் கிராமத்திலிருந்து மெல்பர்னுக்கு வந்து தங்க இடமில்லாமல் தவித்த பூர்வகுடிப் பெண் பிள்ளைகளுக்காக, 1950களில் நார்த்கோட்டில் ஒரு விடுதி அமைத்தார். பெண் பிள்ளைகளின் விடுதி, தம்பி. ஹில்டா கொண்டுபோகப்பட்டதும் ஒரு விடுதிக்குத்தான். இது பிள்ளைகள் தாமாகத் தேடி வந்த விடுதி. சமையலறையில் நிற்பது அவர்களில் ஒருத்தி. பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு உதவிய ஒரு தம்பதியைப் பற்றித்தான் படம் எடுக்க வேண்டும் என்று தயாரிப்பாளர் பிடிவாதமாக இருந்தால், இவர்களைச் சொல்லிப் பார். மெல்பர்ன் நாடாளுமன்றத்தை ஒட்டிய பூங்காவில் இருவருக்கும் சேர்த்துச் சிலை வைத்திருக்கிறார்கள். அடுத்த முறை டிராமில் போகும்போது இறங்கி ஐந்து நிமிடம் நின்று பார்.

இன்னும் சில சின்ன விஷயங்கள். படப்பிடிப்புக்கு நாள் குறிக்கும் முன்னால் யோர்டா யோர்டா மூத்தவர்களைப் போய்ப் பார். கதையை எழுதி முடித்த பிறகு கையெழுத்து வாங்கப் போகாதே, எழுதும்போதே போ. இறந்தவர்களின் உருவமும் குரலும் பெயரும் இருக்கிறது என்ற எச்சரிக்கையைப் படத்தின் தொடக்கத்தில் போடு. சம்பிரதாயத்துக்காகப் போடாதே. அதை வாசித்துவிட்டு எழுந்து போகிறவர் அரங்கில் நிச்சயம் ஒருவராவது இருப்பார் என்று நினைத்துப் போடு. முர்ரே என்று எழுதும் இடங்களில் பிள்ளைகள் பேசும்போதாவது துங்காலா என்று மாற்று. அந்த ஆற்றுக்கு அவர்கள் வைத்த பெயர் அதுதான்.

பார்மாவுக்கு நான் ஒரே ஒரு முறை போயிருக்கிறேன், கோடை முடிகிற சமயத்தில். பாலத்தில் வண்டியை ஓரம்கட்டிவிட்டுக் கீழே இறங்கினேன். தண்ணீர் நம் ஊரில் புதுவெள்ளம் வந்தபோது இருக்குமே, அந்தக் காப்பி நிறம். வேர் பாதி மண்ணிலும் பாதி காற்றிலுமாகப் பெரிய பெரிய யூகலிப்டஸ் மரங்கள் கரையில் சாய்ந்து நின்றன. எதிர்க்கரை கூப்பிடு தூரம்தான். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு இந்த அகலத்தைத்தான் அவர்கள் கடந்தார்கள் என்று நினைத்தபோது அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

ஈஸ்டர் விடுமுறையில் பள்ளி இல்லை. நீ வருவதாக இருந்தால் நானும் வருகிறேன். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் போய்விடலாம். உன் திரைக்கதைப் பிரதியை நானே எடுத்துவருகிறேன். “சிறுவன் 1” என்று இருக்கும் இடங்களிலெல்லாம் பென்சிலால் பில்லி என்று எழுதி வைத்திருக்கிறேன். மற்றப் பிள்ளைகளின் பெயர்களை அங்கே கேட்டு நீ எழுது.

அன்புடன்,
உன் டீச்சர்